துறைமுகத்துக்கு வடக்கே

‘ஆஸ்திரேலியாவில் ஒரு மாதம்’ என்ற பிரயாண நூலை எழுதிய சோமலெ அவர்களே பின்னாளில் தமிழ்நாட்டு மாவட்டங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து அவற்றைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார் என்பதை, விமானம் ஏறினால்தான் பிரயாணம் என்று எண்ணுகிற இந்நாளில் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. சிட்னிக்குப் போகிற நம்மவர்கள் அங்குள்ள துறைமுகத்தை விழி விரியப் பார்க்கிறார்கள். காலையில் எழுந்து மீன் அங்காடிக்குப் போகிறார்கள். பழைய பண்டகசாலைகளின் செங்கற் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே மனிதர்கள் சென்னையிலே வருஷக்கணக்காகக் குடியிருந்தும், பாரிமுனைக்கு வடக்கே ஒரு துறைமுகமும் ஒரு மீன் அங்காடியும் நூற்றைம்பது ஆண்டு கண்ட செங்கற் சுவர்களும் இருப்பதைக் காதால் கேட்ட விஷயமாகவே வைத்துக்கொண்டு காலந்தள்ளிவிடுகிறார்கள்.

எனக்கும் சென்னை புதிதன்று. தாமிரவருணிக் கரையிலிருந்து ஏதேனும் காரியமாக வருகிறபோதெல்லாம் எழும்பூரில் இறங்கி, மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ உறவினர் வீட்டில் தங்கி, மாலையில் மெரினாவில் காற்று வாங்கித் திரும்புவதே வழக்கம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்த மாசி மாதத்தில், காரியமும் இல்லாமல் துணையும் இல்லாமல், இராயபுரத்தில் அறை எடுத்துச் சில நாட்கள் தங்கி, அங்கிருந்து திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போய்வருவதென்று சங்கற்பித்துக்கொண்டேன். தனியே போகிற பிரயாணிக்கு உள்ள சௌகரியம், நினைத்த இடத்தில் நினைத்த மட்டும் நிற்கலாம் என்பது மாத்திரம் அன்று. பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமானால் அந்தந்த ஊர்க்காரரைத்தான் நாட வேண்டியிருக்கிறது என்பதே அதைவிடப் பெரிய சௌகரியம்.

கல்மண்டபத்துக்குச் சமீபத்தில் நான் தங்கிய விடுதியின் மேலாளர், என் ஆதார் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “ஸ்டான்லில யாரைச் சேத்துக்கீறீங்க சார்?” என்று அனுதாபத்தோடு கேட்டார். ஒருவரையும் சேர்க்கவில்லை என்றேன். “அப்ப கப்பல்ல ஏத்தி வுட வந்தீங்களா? பையனா?” அதுவும் இல்லை, ஊர் பார்க்க வந்தேன் என்றதும் அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “இங்க இன்னா சார் கீது பாக்கறதுக்கு?” என்றார். அந்த வினாவில் பரிகாசம் இல்லை, மெய்யான சந்தேகமே இருந்தது. பதிவேட்டில் வந்த காரியத்தை எழுதும் இடத்தில், சற்று யோசித்து, ‘பர்சனல்’ என்று எழுதிக்கொண்டார்.

ஆயினும் அவர் கேட்ட முதல் வினாவிலேயே இந்த ஊரின் சரித்திரத்தில் ஒரு பகுதி அடங்கியிருந்தது. ஹைதர் அலியின் படையெடுப்பினாலும் பஞ்சத்தினாலும் ஊரைவிட்டு ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782இல் ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அங்கு நடந்த வைத்தியப் பள்ளி 1938இல் கல்லூரியாக உயர்ந்து, கவர்னராக இருந்த ஸ்டான்லியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனாலும் வயதானவர்கள் வாயில் அது இன்றைக்கும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான். கோட்டைக்குள் இடம் இல்லாதவர்களுக்கும் கறுப்பர் பட்டணத்துக்குள் இடம் போதாதவர்களுக்கும் புகலிடம் ஆவதே ஆதியிலிருந்து இந்தப் பிராந்தியத்தின் பாக்கியமாக இருந்து வந்திருக்கிறது.

மறுநாட் காலை இராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போனேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி 1856 ஜூலை 1ஆம் தேதி இங்கிருந்து புறப்பட்டு, ஆர்க்காட்டுக்குப் பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு வரை போயிற்று. பம்பாயில் 1853இலும் ஹௌராவில் 1854இலும் வண்டி ஓடத் தொடங்கிவிட்டதாயினும், அவ்விடங்களில் முதலில் எழுந்த நிலையங்கள் மறைந்துவிட்டமையால், இந்தியாவில் இன்றளவும் நிலைத்திருக்கும் ரயில் நிலையங்களுள் மிகப் பழமையானது என்ற கீர்த்தி இராயபுரத்துக்கு வாய்த்திருக்கிறது. 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்ததும் பிரயாணிகளின் கூட்டம் அங்கே போய்விட்டது. பாழடையவிருந்த கட்டடத்தை 2005இல் பழுதுபார்த்துச் சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம் பூசியிருக்கிறார்கள். நெடிய தூண்கள் தாங்கிய முகப்பின் கம்பீரம் ஒரு மாகாணத் தலைநகரின் தலைவாசலுக்கு ஏற்றதாகவே இருக்கிறது. நான் நின்றபோது அந்த வாசலில் இருந்தவர்கள், காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்து மின்சார ரயிலுக்குக் காத்திருந்த சில மீன்காரப் பெண்கள் மாத்திரமே.

நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒன்றற்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும் மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று அர்ச்சியசிஷ்ட இராயப்பர் ஆலயம். கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகோட்டிப் பிழைத்த சமூகத்தார் 1829இல் எழுப்பியது அது. ஊருக்கே அந்த அப்போஸ்தலரின் பெயர்தான். இரண்டாவது, பார்சிகளின் அக்கினி ஆலயம். பிரோஜ் கிளப்வாலா என்பவர் இளவயதிலேயே இறந்துபோன தம் மகன் ஜாலின் ஞாபகார்த்தமாகக் கட்டுவித்து 1910இல் பிரதிஷ்டை செய்த அந்த ஆலயத்தில் அன்று மூட்டிய அக்கினியை அணையவிடாமல் காத்துவருகிறார்கள். தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு வேறு அக்கினி ஆலயம் இல்லை. அந்நியர்களுக்கு உள்ளே அனுமதி இல்லையாதலால் நான் மதிலுக்கு வெளியே நின்று வணங்கிவிட்டு வந்தேன். மூன்றாவது ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டுகிற மழையில் இங்கே கூடிய கூட்டத்தில்தான் அண்ணாதுரை அவர்கள் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தோற்றத்தை அறிவித்தார். பூங்கா இப்பொழுது அவர் பெயரால் வழங்குகிறது. படகோட்டிகளின் கோயில், குஜராத்திலிருந்து வந்த வணிகர்களின் கோயில், ஒரு மாநிலத்தையே ஆளப் புறப்பட்ட கட்சியின் பிறப்பிடம் ஆகிய மூன்றும் ஒரே பேட்டைக்குள் அமைந்தது, வந்தவர்களையெல்லாம் உள்ளே விட்ட துறைமுகத்தின் வாசலில் இந்த ஊர் அமைந்தமையால்தான்.

காசிமேட்டுக்குப் போகிறவர்கள் தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும். விடிவதற்கு நெடுநேரம் முன்பே, கடலில் பல நாள் தங்கிவிட்டுத் திரும்பும் விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைக்குள் நுழைகின்றன; மின்விளக்குகளின் வெளிச்சத்தில், ஈரத் தரையில், வஞ்சிரமும் வவ்வாலும் பாறையும் சங்கராவும் கடம்பாவும் தனித்தனிக் குவியல்களாகவும் கூடைகளாகவும் பரவுகின்றன; பனிக்கட்டி அரைக்கும் இயந்திரத்தின் ஓசை ஓயாமல் கேட்கிறது. ஏலம் விடுகிறவர் தொகையைச் சொல்லும் வேகத்தில் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு ராகம் போல ஒலிக்கின்றன. சுற்றி நிற்பவர்களில் எவர் தலையசைத்தார், எவர் விரல் நீட்டினார் என்று நாம் கண்டறியுமுன்பே கூடை கைமாறிவிடுகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கி, அதன் சிவப்பை ஒரு கணம் பார்த்து, அந்த ஒரு கணத்திலேயே விலையை மனத்துக்குள் தீர்மானித்துக்கொள்ளும் அவர்கள் சாமர்த்தியத்தை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்படி நின்றது ஓர் அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. “இன்னா பெர்சு, மீனைப் பாத்துகினே நின்னா வவுறு ரொம்பிடுமா?” என்றார். சமைக்க வீடு இல்லை, விடுதியில் தங்கியிருக்கிறேன் என்று விளக்கினேன். அதைக் கேட்டதும் அவர் குரல் மாறிற்று. “தனியாவா கீறே? புள்ளைங்க யாரும் கூட வரலியா?” என்று கேட்டு, தெருமுனையில் வறுத்த மீன் விற்கும் தம் தங்கையின் கடைக்கு அடையாளம் சொல்லி, தம் பெயரைச் சொன்னால் நல்ல துண்டாகப் பார்த்துத் தருவாள் என்றும் சொல்லி அனுப்பினார். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை உண்டு. அந்நாட்களில் சிறு படகுகள் கொண்டுவருகிற கொஞ்சத்தையும் வெளியூர் மீனையும் வைத்துக்கொண்டுதான் இந்தப் பெண்கள் ஜீவனம் நடத்த வேண்டும். மாசி மாதத்திலேயே அந்தக் கவலை அவர்கள் பேச்சில் அடிக்கடி தலைகாட்டியது.

மீன்பிடித் துறைமுகத்தின் கரையில் நின்று தெற்கே பார்த்தால் பெரிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழக் கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, ஆணி அடிக்காமல் தென்னை நாரால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து போய் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்குவதே இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வந்த ஏற்பாடு. 1861இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீட்டினார்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டக் கற்சுவர்கள் எழத் தொடங்கின. அநேகமாக முடிந்துவிட்ட அந்தச் சுவர்களை 1881 நவம்பரில் அடித்த புயல் சிதைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர், கிழக்கு நோக்கியிருந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறந்த பிறகுதான் துறைமுகம் துறைமுகமாயிற்று. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் இவ்விடத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனதும், பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதும் எல்லாரும் அறிந்த கதை. அந்த எம்டனை அதே வருஷம் நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே மடக்கி வீழ்த்திய கப்பலின் பெயர் சிட்னி. ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்தது அது.

பீரங்கியால் வந்த சேதம் சில நாட்களில் சீர்ப்பட்டது. துறைமுகச் சுவரால் வந்த சேதமோ இன்னும் சீர்ப்படவில்லை. இந்தக் கரையோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதியில் நீரோட்டம் தெற்கேயிருந்து வடக்கே ஓடுகிறது; அதைக் கடலோரத்தார் தெண்டி என்கிறார்கள். வாடைக் காலத்தில் சில மாதங்கள் மாத்திரம் அது திரும்பி ஓடும். தெண்டி தன்னோடு மணலையும் வாரிக்கொண்டு போகிறது. குறுக்கே கற்சுவர் எழுந்ததும், வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. சுவருக்கு வடக்கே அலை கரையை அரித்துக்கொண்டு போக, அந்த இடத்தை நிரப்ப மணல் வரவில்லை. கிராண்ட் டஃப் என்ற கவர்னர் 1884இல் உலாவும் சாலை அமைத்தபோது இப்போதுள்ள அளவுக்கு விஸ்தாரமாக இராத மெரினா வருஷத்துக்கு வருஷம் அகன்றது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலுள்ள கரையோ, சில நூறு மீட்டர் அளவுக்குக் கடலுக்குள் போயிற்று. ஒரே கணக்கின் வரவுப் பக்கத்தைத் தெற்கேயும் செலவுப் பக்கத்தை வடக்கேயும் எழுதி வைத்தது போல ஆயிற்று. எத்தனையோ மாலைகளில் நான் காலார நடந்த மணல், ஒருவகையில், வடக்கேயுள்ள குப்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்.

இதை நான் புத்தகத்தில் படித்ததற்கும், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவர் சொல்லக் கேட்டதற்கும் வித்தியாசம் இருந்தது. “நா சின்னப் பையனா இருக்கசொல்லோ, தோ, அங்க அலை ஒடையுது பாருங்க, அதுக்கும் அந்தாண்ட இருந்துச்சு கரை. எங்க ஆயா வூடு அங்கதான். இப்போ அதும்மேல மீனு மேயுது” என்று, கை வேலையை நிறுத்தாமலே சொன்னார். கரையோரமாகக் கருங்கற்களைக் கொட்டித் தூண்டில் வளைவுகள் போட்டிருக்கிறார்களே, அதற்குப் பிறகு அரிப்பு நிற்கவில்லையா, ஐயா, என்று கேட்டேன். “இங்க நின்னுச்சு சார். தண்ணி சும்மா இருக்குமா? அடுத்த குப்பத்துக்குப் பூடுச்சு” என்றார். எஞ்சிய பிரயாணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு வியாக்கியானமாகவே எனக்கு அமைந்துவிட்டது.

2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடுவதால், திருவொற்றியூருக்குப் போவது இப்பொழுது மிகவும் சுலபம். தேரடியில் இறங்கினால் கோயில் கிட்டத்தில்தான். மாசிப் பெருவிழாவின் சமயமாதலால் வீதியெங்கும் பந்தல்களும் பூக்கடைகளும் நெருங்கியிருந்தன. ஆதிபுரீசுவரரின் திருமேனி வருஷம் முழுவதும் கவசத்துக்குள் மறைந்திருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாட்கள் கவசம் நீங்கிக் காட்சி தருவது இந்த ஸ்தலத்தின் விசேஷம். யானையின் பின்புறம் போல வளைந்த மூலஸ்தானத்தைக் கருங்கல்லால் அமைப்பித்தது முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில். சிற்பியின் பெயர் ரவி என்ற வீரசோழத் தச்சன் என்பதைக் கல்வெட்டு மறவாமல் காத்து வைத்திருக்கிறது. சுந்தரர் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குப் பிரியேன் என்று சத்தியம் செய்ததும், அதை மீறி எல்லையைத் தாண்டியவுடன் கண்ணொளி இழந்ததும் இங்கேதான். வடிவுடையம்மை சந்நிதிக்கு ஏழுகிணற்றிலிருந்து நடந்து வந்து வழிபட்ட இளைஞர் இராமலிங்கர், பிற்காலத்தில் வள்ளலாராக உலகறிய விளங்கினார்.

ஆனால் இந்தக் கோயிலில் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது கல்வெட்டொன்றில் வரும் வேறொருவருடைய விருத்தாந்தம். சோழ இளவரசன் இராஜாதித்தனுக்கு ஆப்த நண்பனாக இருந்தவன் வல்லபன் என்ற சேர நாட்டு வீரன். 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே இளவரசன் உயிர்துறந்தபோது, பக்கத்தில் இருந்து தானும் உயிர்விடுகிற வாய்ப்பு வல்லபனுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் துயரத்தினால் அவன் உலகப் பற்றை விட்டு, கங்கையில் நீராடி, திருவொற்றியூர் வந்து நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் இங்குள்ள மடத்துக்குத் தலைவனானான். அவனுக்குப் பின் அந்தப் பட்டத்தில் வந்தவர்களுள் ஒருவரே மேற்சொன்ன கருங்கல் திருப்பணியைச் செய்வித்தவர். பாணினி வியாகரணம் கற்பிக்க ஒரு மண்டபமும் இந்தக் கோயிலில் இருந்தது. போரில் தோற்ற பக்கத்து வீரன் ஒருவன் துறவியாக வந்து சேர்ந்த ஊர் கல்வி நகரமாக விளங்கியது என்பதை எண்ணிக்கொண்டு, பட்டினத்தார் சமாதிக்கு நடந்தேன். கையில் பிடித்திருந்த பேய்க்கரும்பு எங்கே தித்திக்கிறதோ அங்கே முக்தி என்று அலைந்த அந்தச் செல்வருக்கு, கரும்பு தித்தித்த இடம் இந்தக் கடற்கரை. இப்பொழுது எதிரே விரைவுச் சாலையும், அதற்கப்பால் கருங்கற் குவியலும், அதற்கப்பால் கடலும் இருக்கின்றன.

திருவொற்றியூருக்கு இன்னொரு முகமும் உண்டு. பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாகப் பெருத்த தொழில், 1946இல் இங்கே ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்குப் பலூன் செய்வதில் தொடங்கியது. என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் 1955 முதல் இவ்வூரில் உருவாயிற்று. சற்று வடக்கே எண்ணூரில் 1948இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொடுத்து, பிறகு அசோக் லேலண்டாகி நாடெங்கும் லாரிகளையும் பஸ்களையும் ஓடவிட்டது. தீப்பெட்டித் தொழிற்சாலை மூடிப்போன பிறகும் விம்கோ என்ற பெயர் ரயில் நிலையத்தில் நிலைத்துவிட்டது. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் வீடு திரும்பிய இரண்டு மூன்று தலைமுறைகளின் உழைப்பில் இங்கே தெருக்கள் எழுந்தன, பள்ளிகள் எழுந்தன. தெருமுனையில் கேரம் பலகைகளும் போடப்பட்டன. அந்தப் பலகை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வென்ற காசிமா, இந்த வடசென்னையின் புது வண்ணாரப்பேட்டையில், ஓர் ஆட்டோ ஓட்டுநரின் வீட்டில் வளர்ந்த பெண்.

எண்ணூருக்கு நான் கடற்கரைச் சாலை வழியாகப் போனேன். துறைமுகத்துக்குள் நுழைய முறை வராத கன்டெய்னர் லாரிகள் சாலையோரமாக வெகுதூரம் வரிசைகட்டி நிற்கின்றன. இரண்டு லாரிகளுக்கு நடுவே ஓட்டுநர் ஒருவர் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். துணி, கயிறு, தண்ணீர்க் குடம், சாமி படம் என்று வண்டியே அவருக்குக் குடித்தனமாக இருந்தது. நகரத்துக்கு வேண்டியது யாவும் இந்த வழியாகத்தான் வருகிறது, போகிறது. வருகிறவை வீடு சேர்ந்துவிடுகின்றன. வரும்போது எழுகிற புழுதி மாத்திரம் இங்கே தங்கிவிடுகிறது.

புழுதி என்றதும் நிலக்கரியைச் சொல்ல வேண்டும். பல வருஷ காலம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் கரும்பொடி இராயபுரத்தார் உலர்த்திய துணிகளிலும் சுவாசத்திலும் படிந்தது. ஜனங்களின் முறையீட்டைக் கேட்ட உயர்நீதிமன்றத்தின் உத்தரவால், 2011இல் நிலக்கரியும் இரும்புத் தாதும் அங்கே இறங்குவது நின்றது. இராயபுரம் மூச்சு விட்டது. நிலக்கரியோ, 2001இல் திறந்து இப்பொழுது காமராசர் பெயரைத் தாங்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. அடுத்த குப்பத்துக்குப் போய்விட்டது என்று காசிமேட்டுப் பெரியவர் மணலரிப்பைப் பற்றிச் சொன்னது, கரிக்கும் அப்படியே பொருந்திற்று.

ஒரு காலத்தில் பட்டணத்துத் துரைமார்கள் ஓய்வெடுக்க வந்து தங்கிய நீர்நிலை எண்ணூர்க் கழி என்றால் இன்று நம்புவது கடினம். மேலே பூண்டியில் 1944இல் கட்டிய அணை கொசஸ்தலையாற்று நீரைத் தேக்கி நகரத்தின் தாகம் தீர்க்கிறது. எஞ்சியதே இங்கே வந்து கடலைச் சேர்கிறது. 1970 முதல் மின்சாரம் தந்த எண்ணூர் அனல் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் கழிக்கு அப்பால் வடசென்னை அனல் நிலையமும் வல்லூர் அனல் நிலையமும் புகை கக்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் சாம்பல் குழம்பு கசிந்து கழியின் ஆழத்தைத் தூர்த்துவிட்டது என்பது மீனவர்களின் நெடுநாள் முறையீடு. 2017 ஜனவரி 28இல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை, கரையோரத்தில் வாலண்டியர்கள் வாளி வாளியாக அள்ளியதைத் தேசமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கருப்பாகப் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள்.

கழியில் அப்பொழுது தண்ணீர் வடிந்திருந்தது. இடுப்பளவு நீரில் நின்று வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தவர், வலையைக் கரையில் உதறியபோது, கருஞ்சேற்றோடு ஒரு கைப்பிடி இறால் துள்ளியது. அவற்றைப் பொறுக்கி அலுமினியச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவியிடம், இந்த இறாலை எங்கே விற்பீர்கள், அம்மா, என்று விசாரித்தேன். “எங்க வித்தாலும் எண்ணூருன்னு சொல்ல மாட்டோம் சார். எண்ணூருன்னா வாங்க மாட்டேன்றாங்க. பழவேற்காடுன்னு சொல்லித்தான் விக்கறோம்” என்றார். தாம் பிறந்து வளர்ந்த ஊரின் பெயரை மறைத்தால்தான் பிடித்த மீனுக்கு விலை கிடைக்கும் என்ற நிலைமையை, வருத்தமாகக்கூட அன்றி, வியாபார முறையாகவே அவர் சொன்னார். எதிரே கழியின் அக்கரையில் மின்கோபுரங்கள், நகரத்து வீடுகளின் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் வேண்டிய மின்சாரத்தைத் தாங்கிக்கொண்டு, தெற்கு நோக்கி அணிவகுத்து நின்றன.

அன்று இரவு பாரிமுனைப் பக்கம் வந்து, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் இவ்வூருக்குக் கொண்டுவந்த அத்தோவை ஒரு தள்ளுவண்டியில் உண்டபடி, பார்த்ததையெல்லாம் ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். இந்தக் கரையில் நீரோட்டம் மணலை வடக்கே கொண்டு போவது இயற்கை. மணலைத் தெற்கே நிறுத்திக்கொண்டு, அரிப்பையும் கரியையும் சாம்பலையும் எண்ணெயையும் ஒவ்வொரு குப்பமாக வடக்கே தள்ளிக்கொண்டு போனது நாம். இதில் ஒருவருடைய கொடுமை என்று எதையும் குறிப்பிட்டுச் சொல்வதற்கில்லை. துறைமுகம் வேண்டியதுதான், மின்சாரமும் வேண்டியதுதான், இராயபுரத்தார் நிலக்கரியை வேண்டாம் என்றதும் நியாயம்தான். ஒவ்வொரு தீர்மானமும் தனித்தனியே நியாயமாக இருந்தும், எல்லாம் கூடி ஒரே திசையில் இறங்கியதே இவ்விடத்தின் கதை.

விடுதியைக் காலி செய்கிற நாளில் மேலாளர், “பாத்தீங்களா சார்? எதுனா இருந்துச்சா?” என்று விசாரித்தார். பார்த்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கினி ஆலயத்தையும் சதுரானன பண்டிதரையும் அவர் அறிந்திருக்கவில்லை. எண்ணெய் படிந்த வலைகளைப் பற்றிச் சொன்னபோது மாத்திரம், தம் மைத்துனர் தாழங்குப்பத்தில் இருக்கிறார் என்றும், இன்னும் வடக்கே, பழவேற்காட்டுப் பக்கம் போய்விடலாமா என்று யோசிக்கிறார் என்றும் சொன்னார். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம் ஏற்கெனவே நடக்கிறது; அதை விஸ்தரிக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் இருப்பது ஆந்திரம். வடக்கே தள்ளிவிடுவதற்குத் தமிழ்நாட்டில் இனி மிச்சமிருக்கும் கரை அவ்வளவுதான் என்பதை, மெரினாவில் காற்று வாங்குகிறவர்களும் என் போன்ற வெளியூர்ப் பிரயாணிகளும், அந்த அகன்ற மணலில் நடக்கிறபோதாவது சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.